அட்மிஷன், அங்கீகாரம், பாஸ்: கவுன்ட்டரில் எந்தச் சொல் எதற்கு?

சிங்கப்பூரில் பள்ளிச் சேர்க்கை அலுவலகங்களில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சேர்க்கை வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த மாதம் ஆறுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தனியார் கல்வி நிலையம் ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சி என்று சொல்லி ஒரு கனமான ஃபைலைக் கொடுத்து, “படிச்சுக்கோ” என்றார்கள். இந்தியாவிலிருந்து போன் வந்தால் தமிழில் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா? (செங்காங் வாசகி)

பதில்: முதலில் அந்த ஃபைலிலிருந்து மாணவர் ஒப்பந்தத்தை மட்டும் வெளியே எடுங்கள். எதிரே ஒரு தகப்பனார் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த வரியில் தடுமாறுகிறீர்களோ, அந்த வரியை மேலதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாள் முழுக்க இதுதான் வேலை.

2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஒப்பந்தம் பள்ளி இஷ்டத்துக்கு எழுதும் காகிதம் இல்லை. பாட விவரம், பாடக் கட்டணம், இதரக் கட்டணம், பணத்தைத் திருப்பித் தரும் விதி ஆகிய நான்கும் தனித்தனி அட்டவணைகளாக இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் ஃபார்ம் 12 என்ற ஆலோசனைக் குறிப்பை மாணவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு ஏழு வேலை நாள்கள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால், திருப்பித் தரும் அட்டவணையில் உள்ள ஆக அதிக விழுக்காட்டை அவர் பெறலாம். பள்ளியே மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்குக் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. இவ்வளவையும் ஃபைலைப் புரட்டாமல் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை கற்றுக்கொண்டீர்கள்.

மீதிப் பாதி சொற்கள். தமிழில் பேசும் நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. போனில் ஒருவர், “அட்மிஷன் ஆயிடுச்சா?” என்று கேட்கிறார். விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறாரா, பள்ளி இடம் கொடுத்துவிட்டதா என்றா, பணம் கட்டிப் பெயர் பதிவானதா என்றா? மூன்றுக்கும் நாம் அட்மிஷன் என்றுதான் சொல்கிறோம். நீங்கள் “ஆயிடுச்சு” என்றால், அவர் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் அந்தச் சொல்லை நீங்களாக உச்சரிக்காதீர்கள். “விண்ணப்பம் வந்துவிட்டது, இன்னும் முடிவு ஆகவில்லை” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அங்கீகாரம் இன்னும் ஆபத்தான சொல். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் கீழ் ஒரு தனியார் கல்வி நிலையம் பதிவு பெற்றிருப்பது ஒன்று. எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் வாங்கியிருப்பது வேறு. ஸ்டூடண்ட் பாஸ், அதாவது இங்கே தங்கிப் படிக்கும் அனுமதி, தேவைப்படும் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அந்தச் சான்றிதழ் வேண்டும். அந்தப் படிப்பின் பட்டத்தை இன்னொரு பல்கலைக்கழகமோ முதலாளியோ ஏற்றுக்கொள்வது முற்றிலும் வேறு. மூன்றையும் “அரசாங்க அங்கீகாரம்” என்று ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. பதிவு பெற்ற நிலையம் என்பதால் அதன் படிப்பின் தரத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் தருவதாகப் பொருள் இல்லை. பதிவுக்குப் பதிவு என்றே சொல்லுங்கள். சான்றிதழுக்கு அதன் பெயரைச் சொல்லுங்கள். அங்கீகாரம் என்று கேட்டால், “யாருடைய அங்கீகாரம் வேண்டும் உங்களுக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் பாஸ். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும்.

2007ஆம் ஆண்டு. கடைவீட்டு மாடியில் இயங்கிய ஒரு சிறிய தனியார் பள்ளியின் கவுன்ட்டரில் இருந்தேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வார். மகளுக்கு ஸ்டூடண்ட் பாஸ் விண்ணப்பம் போட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, “பாஸ் ஓகே ஆயிடும்யா, கவலைப்படாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் என் சொல்லை நம்பி மனைவியின் நகையை அடகு வைத்து மீதிக் கட்டணத்தை அனுப்பினார், டிக்கெட்டும் எடுத்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பள்ளி பாதிப் பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்தது, அதற்கும் நாலு மாதம் ஆனது. ஒரு நாள் அந்தப் பெண்ணே போன் செய்து, “அப்பா உங்ககிட்ட பேச வேணாம்னு சொல்லிட்டாரு, நான்தான் கூப்பிட்டேன், பணம் எப்ப வரும் அக்கா?” என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்றைய ஒப்பந்தப்படி, குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் ஸ்டூடண்ட் பாஸை நிராகரித்தால் பாடக் கட்டணத்தையும் இதரக் கட்டணத்தையும் ஏழு வேலை நாள்களில் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். அந்த வரியைப் பயிற்சியில் நானே படித்துக் காட்டுவேன், வேறு யாரையும் படிக்கச் சொல்வதில்லை. கூடவே படிகளையும் சொல்லித் தருவேன். விண்ணப்பம் போட்டிருப்பது முதல் படி. கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வருவது இரண்டாவது. அதில் உள்ள நிபந்தனைகளை முடித்து பாஸ் வழங்கப்படுவது மூன்றாவது. இரண்டாவது படியில் நிற்கும் ஒருவரிடம் “பாஸ் வந்துவிட்டது” என்று சொல்லாதீர்கள். முதல் படியில் நிற்பவரிடம், முடிவு ஆணையத்துடையது, பள்ளியால் எதுவும் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ இங்கே வேலை செய்து, பிள்ளை டிபெண்டன்ட் பாஸில் இருந்தால் தனியாக ஸ்டூடண்ட் பாஸ் தேவையில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தெரியாமல் வீணாக அலைக்கழிக்கப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஊரில் இருக்கும் ஏஜென்ட் ‘படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலை பார்க்கலாம்’ என்று சொல்லி மாணவர்களை அனுப்புகிறார். எங்கள் நிலையத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் மறுத்தும் சொல்வதில்லை. நான் வாய் திறந்தால் மேலாளருக்குப் பிடிக்காது. என்ன செய்வது? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: வாய் திறங்கள் தம்பி. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

வெளிநாட்டு மாணவர் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம் என்ற விலக்கு, மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான். பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம் போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. அவர்களுக்கும் பாடம் நடக்கும் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 16 மணி நேரம்தான். பெரும்பாலான தனியார் கல்வி நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் நிலையம் அதில் இருக்கிறதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், வேலை பார்க்கும் மாணவர் பிடிபட்டால் படிப்பும் போகும், பாஸும் போகும். வருகைப் பதிவும் அப்படித்தான். தகுந்த காரணமில்லாமல் மாதத்தில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, தொடர்ந்து ஏழு நாள் வராவிட்டாலோ பாஸுக்குச் சிக்கல். சாப்பாட்டுக் கடையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்புக்கு எப்படி வருவது?

மேலாளரிடம் சண்டை போட வேண்டாம். ஒரு பக்கத் தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: இந்தப் படிப்பில் சேரும் ஸ்டூடண்ட் பாஸ் மாணவர் வேலை பார்க்க முடியாது; வருகை 90 விழுக்காடு வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால், மாணவரிடமும் பெற்றோரிடமும் அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். பின்னால் புகார் வந்தால் நிலையத்தைக் காப்பதும் அந்தத் தாள்தான் என்று சொன்னால், மறுக்கும் மேலாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. மறுத்தால், மாணவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளின் பெயரைப் பள்ளியில் தலைகீழாகப் பதிந்துவிட்டார்கள். வகுப்பில் எல்லோரும் அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு வருகிறாள். இதற்கெல்லாம் ஊழியர்களுக்குப் பயிற்சி கிடையாதா? (பொங்கோல் வாசகர்)

பதில்: உண்டு, கொடுக்கவும் வேண்டும். என் பயிற்சியில் பெயருக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குகிறேன். நீங்கள் இன்றே வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள், கூப்பிடும் பெயரை மாற்ற அவர் காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகப் பதிவைத் திருத்தக் கொஞ்ச நாள் ஆகலாம்.

ஊழியர்களுக்கு நான் சொல்வது இது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். மலாய்ப் பெயரில் பின், பின்த்தே என்று வரும். அதற்குப் பின்னால் இருப்பது தந்தையின் பெயர். சிங்கப்பூர்த் தமிழர் அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) இருக்கும்; அங்கேயும் பின்னால் இருப்பது தந்தை பெயர்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாஸ்போர்ட்டில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். சிலருக்குத் தந்தை பெயர் அதில் ஏறியிருக்கும். சிலருக்குத் தந்தை பெயரும் பிள்ளை பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். கணினியோ குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவசரத்தில் ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் தந்தை பெயரைப் போடுவார். ஒரே பிள்ளைக்கு மூன்று பதிவுகள் உருவாகும்.

எனவே இரண்டு விதி. சட்டப்படியான பெயர் எப்போதும் பாஸ்போர்ட்டில் அல்லது சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. ஸ்டூடண்ட் பாஸ் விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சிரமம். அடுத்தது, பெற்றோரிடம் வாயால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: “வகுப்பில் பிள்ளையை எப்படிக் கூப்பிடணும்?” அதற்கென்று படிவத்தில் தனி வரி இல்லாவிட்டால் கையால் ஒரு வரி போடுங்கள். காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை அலுவலகம் முழுக்க ஒரே மாதிரி முடிவு செய்து, அதைச் சுவரில் ஒட்டுங்கள். பதிந்த பிறகு திரையைப் பெற்றோர் பக்கம் திருப்பி, அவர்களே படித்துச் சரி சொல்லட்டும். அரை நிமிடம் ஆகும். உங்கள் மகள் அழுதிருக்க மாட்டாள்.

கேள்வி: தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜூலை வந்தால் ‘எங்களுக்கு இடம் கிடைக்குமா’ என்று பெற்றோர் விடாமல் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள், ஒரே புளோக்கில் இருப்பவர்கள் வேறு. எப்படிப் பதில் சொல்வது? (ஈசூன் வாசகி)

பதில்: தொடக்கநிலை ஒன்று பதிவில் ‘கிடைச்சிடும்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்கும் புரியும்படி கனிவாகச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

கணக்கைச் சொல்லலாம், ஆரூடம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் தொடக்கத்திலேயே 60 இடங்கள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன: 2பி பதிவுக் கட்டத்துக்கு (பள்ளித் தொண்டூழியர் போன்றோரின் பிள்ளைகள்) 20, 2சி கட்டத்துக்கு (அதுவரை இடம் கிடைக்காத பிள்ளைகள்) 40. இது 2022 முதல். அதே ஆண்டுதான் முன்னாள் மாணவரின் பிள்ளைகள் போன்றோருக்கான 2ஏ1, 2ஏ2 கட்டங்கள் இரண்டும் ஒன்றாகி 2ஏ ஆனது. இன்றும் “2ஏ2” என்று சொல்லும் ஊழியர் இருந்தால், அவர் மேசையில் பழைய தாள் இருக்கிறது என்று பொருள், எடுத்துப் போடுங்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குடிமக்களுக்கு முதலில், அதிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், பிறகு இரண்டு வரை, பிறகு அதற்கு அப்பால், அதற்கடுத்து நிரந்தரவாசிகள் இதே வரிசையில். எந்தப் பிரிவில் இடம் பற்றாமல் போகிறதோ அந்தப் பிரிவுக்குத்தான் குலுக்கல். தூரத்தை அளந்து சொல்வது உங்கள் வேலை இல்லை. ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் வீட்டு முகவரியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். “பஸ்ஸில் ரெண்டே ஸ்டாப் தானே” என்பதற்கு அங்கே மதிப்பு இல்லை. தூரத்தின் அடிப்படையில் முன்னுரிமை பெற்றால், பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள், வீடு விற்கும் யோசனையில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் கணவன் மனைவியைப் பார்ப்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

பயிற்சியில் ஒரு கேள்வி கேட்பேன்: 2020 ஜனவரி 1 அன்று பிறந்த பிள்ளை எந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்று? பாதிப் பேர் 2027 என்பார்கள். சரியான பதில் 2026. ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே செட். ஒரு நாளில் ஓர் ஆண்டு மாறிவிடும். இப்படி ஒரு பிள்ளையின் பெற்றோரை, “அடுத்த வருஷம் வாங்க” என்று அனுப்பிவிட்டால் அந்தத் தவறை எப்படித் திருத்துவீர்கள்?

ஒரே புளோக் ஆட்கள் கேட்டால், மற்றவர்களுக்குச் சொல்லும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். வீட்டு வாசலில் வைத்துக் கேட்டால், “அலுவலகத்துக்குப் போன் பண்ணுங்க அண்ணே, அங்க சொல்றேன்” என்று சொல்லுங்கள். மனத்தாங்கல் கொஞ்ச நாள் இருக்கும், பரவாயில்லை.

கேள்வி: பெற்றோர்கள் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் என் சொந்த வாட்ஸ்அப்புக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சௌகரியமாகத்தான் இருக்கிறது. தப்பா? (பிடோக் வாசகி)

பதில்: தப்பு. இன்று முதல் நிறுத்துங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நிலையத்தைத்தான் பொறுப்பாக்கும், ஆனால் உங்கள் போன் தொலைந்தால் போவது ஒரு குழந்தையின் விவரம். 2019 செப்டம்பர் 1 முதல் அடையாள அட்டை எண்ணைக் காரணமில்லாமல் வாங்கவோ அட்டையை வைத்துக்கொள்ளவோ கூடாது. சட்டம் கேட்கும்போது அல்லது ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியபோதுதான் வாங்கலாம். தனியார் கல்வி நிலையத்தில் மாணவரைச் சேர்க்கும்போது சட்டப்படி தேவைப்படும், அப்போது வாங்கலாம். சும்மா விசாரிக்க வந்தவரிடம் ஐசி நம்பர் எதற்கு? பெயரும் போன் எண்ணும் போதும்.

இதுவரை வந்த படங்களை அலுவலகக் கணினிக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்தும் அதன் தானியங்கிச் சேமிப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். மேலாளரிடம் சொல்லிவிட்டு அழியுங்கள். அனுப்பிய பெற்றோருக்கு, “படத்தை அழித்துவிட்டேன், இனி அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்” என்று ஒரு செய்தி போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: உயர்நிலைப்பள்ளியில் சேர்க்கை விசாரிக்கப் போனபோது, ‘இங்கே தமிழ் வகுப்பு இல்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார் அங்கே இருந்த பெண். பிள்ளைக்கு அந்தப் பள்ளிதான் பிடித்திருக்கிறது. தமிழை விட்டுவிட வேண்டியதுதானா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: விட வேண்டாம். அந்தப் பெண் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிப் பதில். பள்ளியில் வகுப்பு இல்லாவிட்டால் மாணவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அப்படிப்பட்டதுதான். 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியின் பெயரைத்தான் அது தாங்கி நிற்கிறது. பள்ளி முடிந்து பிள்ளை எந்தெந்த நாளில் போக வேண்டியிருக்கும், உட்லண்ட்ஸிலிருந்து போய்வர எவ்வளவு நேரம், இணைப்பாட நடவடிக்கையோடு மோதுமா என்பதைப் பள்ளியின் தாய்மொழித் துறையிடம் கேளுங்கள். கவுன்ட்டரில் மறுபடியும் அதே பெண் இருந்தால், இந்த விவரத்தை அவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்கு அடுத்து வரும் தமிழ்ப் பெற்றோருக்கு அவர் முழுப் பதில் சொல்வார்.